நாற்பத்திரண்டாயிரம் ஊசிகள்

எங்கள் தெருக் கோடி வீட்டில் ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். சாயங்காலம் ஐந்தடித்தால் கைத்தடியோடு வந்து என் வீட்டு வாசல் நாற்காலியில் உட்காருவார். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கணக்கில் போய் முடியும்.

ஒரு நாள் வந்தவர் பேசாமலே உட்கார்ந்திருந்தார். காபி வந்தது. சர்க்கரை போடாத காபி. பதினாறு வருஷமாக அவருக்கு அப்படித்தான். ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார், ஐயா" என்றார்.

"யார், சார்?"

"டாக்டர்தான். இனிமேல் மாத்திரை போதாதாம். இன்சுலின் ஆரம்பிக்க வேண்டுமாம். ஆக, நம் கதை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்."

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "எங்கள் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஊசி ஆரம்பித்தார்கள். ஆறாம் மாதம் காரியம் ஆகிவிட்டது. ஊசி வந்தால் விடாது, ஐயா. அது கடைசிப் படி" என்றார்.

ஊசி வந்ததனால் பெரியப்பா போனாரா, போகிற நிலைமைக்கு வந்த பிறகு ஊசி வந்ததா என்று கேட்க என் நாக்கு துடித்தது. ஆனால் பயந்து போயிருக்கிற மனிதரிடம் தர்க்கம் பேசி என்ன பிரயோசனம்? ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன், கேட்கிறீர்களா என்றேன். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த வியாதி இல்லாத வீடு இன்று நம் பக்கத்தில் அபூர்வம் ஆகையால், கேட்டு வைத்துக்கொள்வது உங்களுக்கும் நல்லது.

வியாதி மிகப் பழையது. நம்மவர்கள் அதை நீரிழிவு என்றார்கள்; மதுமேகம் என்றும் சொன்னார்கள். முதல் பெயர் வியாதிக்காரன் படும் பாட்டைச் சொல்கிறது. இரண்டாவது பெயர் அடையாளத்தைச் சொல்கிறது. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கவனித்து நோயைக் கண்டுகொண்டவர்கள் பழைய இந்திய வைத்தியர்கள். இளம் வயதில் மெலிந்த உடம்புக்கு வருவது ஒன்று, பருத்த உடம்புக்கு வருவது ஒன்று என்று பிரித்துப் பார்த்தவர்களும் அவர்களே. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வைத்தியர் அரெட்டேயஸ், உடம்பின் தசையெல்லாம் உருகி நீராய் வெளியேறுகிற வியாதி என்று இதை வர்ணித்தார். 1776-ஆம் வருஷம் லிவர்பூல் நகரத்து டாக்டர் மாத்யூ டாப்சன் நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்ற வைத்து, அடியில் தங்கியது சர்க்கரைதான் என்று காட்டினார்.

சர்க்கரை ஏன் வெளியே போகிறது? அதற்கு விடை கிடைக்க இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1889-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் மின்கோவ்ஸ்கி, வான் மேரிங் என்ற இரண்டு பேர் ஒரு நாயின் வயிற்றிலிருந்து கணையத்தை எடுத்துவிட்டார்கள். நாய்க்கு நீரிழிவு கண்டுவிட்டது! ஆகவே கணையத்தில் ஏதோ ஒரு சரக்கு ஊறுகிறது. அது இருந்தால்தான் உடம்பு சர்க்கரையை உபயோகிக்க முடியும். அது இல்லாவிட்டால், களஞ்சியத்தில் நெல்லும் வீட்டில் பட்டினியுமாக, ரத்தத்தில் சர்க்கரை ததும்பும்போதே உடம்பு பசித்துக் கிடக்கும். வேறு வழியில்லாமல் தன் கொழுப்பையே எரிக்கும். அதில் உண்டாகும் அமிலம் ரத்தத்தில் சேர்ந்து, நோயாளி நினைவிழந்து, மூச்சு முட்டி இறந்து போவான்.

அந்தச் சரக்கைக் கணையத்திலிருந்து பிரித்தெடுக்க முப்பது வருஷம் எத்தனையோ பேர் முயன்றார்கள். முடியவில்லை.

இந்த நிலைமையில்தான், 1919-ல், அமெரிக்காவில் எலிஸபெத் ஹியூஸ் என்ற பதினோரு வயதுச் சிறுமிக்கு இந்த வியாதி வந்தது. சாதாரண வீட்டுப் பெண் அல்ல. தகப்பனார் சார்ல்ஸ் எவான்ஸ் ஹியூஸ் நியூயார்க் கவர்னராக இருந்தவர். நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். 1916-ல் ஜனாதிபதி தேர்தலில் நின்று வில்ஸனிடம் சொற்ப வித்தியாசத்தில் தோற்றவர். 1921-ல் அவர் அமெரிக்காவின் வெளிநாட்டு மந்திரி ஆனார். அவ்வளவு இருந்தும் மகளுக்கு வாங்கிக் கொடுக்க ஒரு மருந்து உலகத்தில் இல்லை.

மருந்து இல்லை; பத்தியம் இருந்தது. டாக்டர் பிரடெரிக் ஆலன் என்பவர் கண்ட பத்தியம். அவருடைய தர்க்கம் எளிது. உடம்பு சர்க்கரையைத் தாங்கவில்லை என்றால் சாப்பாட்டை நிறுத்து. சிறுநீரில் சர்க்கரை மறைகிறவரையில் பட்டினி போடு. மறைந்த பிறகு சிறிது சிறிதாக உணவைக் கூட்டு. சர்க்கரை மறுபடி தலை காட்டினால் உடனே குறை. கறிகாயைக்கூட மூன்று தடவை வேக வைத்து, மூன்று தடவையும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மிஞ்சிய சக்கையைக் கொடுத்தார்கள். கடுமையாக நோய் கண்டவர்களுக்கு நாள் முழுவதற்கும் 500 காலரிகூடக் கிடைக்காது. அந்தப் பத்தியத்திலிருந்த ஒரு குழந்தையின் பிறந்த நாளுக்கு, தொப்பி வைக்கும் அட்டைப் பெட்டிமேல் வர்ணக் காகிதம் ஒட்டி, மெழுகுவர்த்தி ஏற்றி, 'கேக்' என்று வைத்தார்களாம்.

ஆலன் ராக்ஷஸர் அல்ல. இதைவிடச் சிறந்த வழி அன்று ஒருவருக்கும் தெரியாது. பத்தியம் இருந்தால் நோயாளி ஒரு வருஷம், இரண்டு வருஷம் கூட வாழ்ந்தான். அதற்குள் எங்கேயாவது யாராவது மருந்து கண்டுபிடிக்க மாட்டார்களா என்பதுதான் நம்பிக்கை. ஆனால் அதற்குக் கொடுத்த விலை கொஞ்சமல்ல. ஆலனிடம் இருந்த பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன். வியாதியில் கண் போய்விட்டது. எவ்வளவு பட்டினி போட்டும் அவன் சிறுநீரில் சர்க்கரை மறையவில்லை. திருடித் தின்கிறானோ என்று சந்தேகம். அறையை விட்டு வெளியே வராத குருட்டுப் பையன் எதைத் திருட முடியும்? கடைசியில் அவனே ஒப்புக்கொண்டான்: பல் தேய்க்கிற பசையையும், கூண்டுப் பறவைக்குப் போட்டிருந்த தானியத்தையும் தின்றிருக்கிறான். அந்தப் பிள்ளை பிழைக்கவில்லை.

எலிஸபெத் திருடவில்லை. அதுதான் அவளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டிய விஷயம். நர்ஸ் ஒருத்தி கூடவே இருந்து ஒவ்வொரு வேளை உணவையும் தராசில் நிறுத்துக் கொடுப்பாள். அதைத் தின்றுவிட்டு, புத்தகம் படித்துக்கொண்டு, அம்மாவுக்குச் சிரிக்கச் சிரிக்கக் கடிதம் எழுதிக்கொண்டு, மூன்று வருஷம் பசித்திருந்தாள். நோய் கண்டபோது 34 கிலோ இருந்தவள், வளர வேண்டிய வயதில் 20 கிலோவாகத் தேய்ந்தாள். எழுந்து நடப்பதே பாடாகிவிட்டது.

இதற்குள் கனடாவில் டொராண்டோ நகரத்தில் காரியம் நடந்துகொண்டிருந்தது. பிரடெரிக் பாண்டிங் என்ற இளம் டாக்டர், தொழில் சரியாக நடக்காமல் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தவர், 1920 அக்டோபர் கடைசியில் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் புரண்டபோது ஒரு யோசனை தோன்றிற்று. அதை எடுத்துக்கொண்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் மக்லியாடிடம் போனார். பேராசிரியருக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் இடமும் நாய்களும் சார்ல்ஸ் பெஸ்ட் என்ற மாணவனையும் கொடுத்தார். 1921 கோடை முழுவதும் இருவரும் உழைத்தார்கள். வருஷக் கடைசியில் காலிப் என்ற ரசாயன நிபுணர் வந்து சேர்ந்தார்.

1922 ஜனவரி 11-ஆம் தேதி லெனார்ட் தாம்ஸன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். அவன் எடை முப்பது கிலோகூட இல்லை. ஊசி போட்ட இடம் வீங்கிக் கட்டியானதுதான் மிச்சம். மருந்தில் அழுக்கு அதிகம். காலிப் இரவும் பகலுமாக உட்கார்ந்து அதைச் சுத்தப்படுத்தினார். ஜனவரி 23-ஆம் தேதி மறுபடி போட்டார்கள். சர்க்கரை மளமளவென்று இறங்கிற்று. சாகக் கிடந்த பையன் எழுந்து உட்கார்ந்தான். கணையத்துக்குள் சிறு தீவுகளைப் போலச் சிதறிக் கிடக்கும் திசுக்களில் ஊறுவதால், தீவைக் குறிக்கும் லத்தீன் சொல்லைக் கொண்டு அந்தச் சரக்குக்கு 'இன்சுலின்' என்று பெயர் வைத்தார்கள்.

கண்டுபிடித்தவர்கள் அதைக் கொண்டு கோடீசுவரர்கள் ஆகியிருக்கலாம். உரிமையை டொராண்டோ சர்வகலாசாலைக்கு ஆளுக்கு ஒரு டாலர் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இந்த நால்வருக்குள் யாருக்குப் பெருமை என்று பின்னால் சண்டை வந்தது. 1923-ல் நோபல் பரிசு பாண்டிங்குக்கும் மக்லியாடுக்கும் கிடைத்தபோது, பாண்டிங் தன் பணத்தில் பாதியைப் பெஸ்ட்டுக்கும், மக்லியாட் தன் பணத்தில் பாதியைக் காலிப்புக்கும் கொடுத்தார்கள். சண்டையின் விவரம் நமக்கு வேண்டாம். நாம் எலிஸபெத்தைப் பின்தொடர்வோம்.

செய்தி காதில் விழுந்ததும் அவள் தாயார் பாண்டிங்குக்கு எழுதினாள். முடியாது என்று பதில் வந்தது. மருந்து அவ்வளவு சொற்பம். ஆனால் 1922 ஆகஸ்டில் இடம் கிடைத்தது. மந்திரி வீட்டுப் பெண் என்பதனால்தானே கிடைத்தது என்று கேட்டால், அந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். அந்த வருஷம் இடம் கிடைக்காமல் போன குழந்தைகள் எத்தனையோ பேர். அவர்கள் பெயர் சரித்திரத்தில் இல்லை.

டொராண்டோவுக்கு அவள் வந்து சேர்ந்தபோது பதினைந்து வயது நிறைய மூன்று நாள் பாக்கி. பாண்டிங் ஊசி போட்டார். கொஞ்ச நாளிலேயே, சாப்பிடு, வேண்டிய மட்டும் சாப்பிடு என்றார். மூன்று வருஷமாகக் கண்ணால் மட்டும் பார்த்திருந்த ரொட்டியை அவள் தின்றாள். உருளைக்கிழங்கு தின்றாள். சில மாதங்களில் எடை இரட்டித்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் அது ஒரு தெய்வச் செயலின் கதை. பத்திரிகைகளும் அன்று அப்படித்தான் எழுதின. ஆனால் மறுநாள் காலையில் என்ன நடந்தது? எலிஸபெத் மறுபடி ஊசி போட்டுக்கொண்டாள். அன்று மாலையிலும் போட்டுக்கொண்டாள். ஏனென்றால் இன்சுலின் வியாதியைத் தீர்க்கவில்லை. கணையம் செய்ய வேண்டிய வேலையை அது அன்றன்றைக்குச் செய்துவிட்டுப் போயிற்று. அடுத்த வேளைக்கு அடுத்த ஊசி. கண்ணாடிப் பிச்சுக்குழாயைக் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். தடித்த ஊசி மழுங்கினால் கல்லில் தீட்ட வேண்டும். நீலத் திராவகத்தோடு சிறுநீரைக் காய்ச்சி, அது நீலமாகவே நிற்கிறதா, பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஊசி அதிகமாகிவிட்டால் சர்க்கரை விழுந்துவிடும். வேர்த்து, நடுங்கி, மயக்கம் வரும். அதற்காக எந்நேரமும் கையில் கொஞ்சம் சர்க்கரை இருக்க வேண்டும்.

எலிஸபெத் கல்லூரியில் படித்தாள். 1930-ல் கல்யாணம் செய்துகொண்டாள். மூன்று குழந்தைகள் பெற்றாள். பொதுக் காரியங்களில் ஈடுபட்டாள். 1974-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் சரித்திரத்துக்காக ஒரு சங்கம் ஏற்பட்டபோது அதன் தலைமையில் அவள் இருந்தாள். தனக்கு இந்த வியாதி உண்டு என்பதை நெருங்கிய சிலரைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. 1980-ல் கனடா நாட்டுச் சரித்திர ஆசிரியர் மைக்கேல் பிளிஸ், அவள் எப்போதோ இறந்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டு பழைய காகிதங்களைத் தேடியபோது, எழுபத்து மூன்று வயதில் அவள் உயிரோடிருப்பதைக் கண்டார். 1981-ல் அவள் காலமானாள். அதற்குள் போட்டுக்கொண்டது ஏறக்குறைய 42,000 ஊசிகள்.

இந்த இடத்தில் ஹெட்மாஸ்டர் முதல் தடவையாக வாய் திறந்தார். "ஐம்பத்தெட்டு வருஷம். நாளுக்கு இரண்டு. சரியாகத்தான் இருக்கிறது" என்றார்.

"சரிதான், சார். ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை" என்றேன்.

இன்சுலினால் பிழைத்தவர்கள் எல்லோருக்கும் எலிஸபெத்தின் அதிர்ஷ்டம் இல்லை. பத்துப் பதினைந்து வருஷம் கழித்து, கண் மங்கிற்று, சிறுநீரகம் கெட்டது, கால் மரத்துப் புண்ணாகி, வெட்டி எடுக்க நேர்ந்தது. முன்பு சீக்கிரமே செத்தவர்கள் இந்தத் துன்பங்களைக் காணாமல் போனார்கள். இப்போது வாழ்ந்தவர்கள் கண்டார்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் இவை வராது என்று ஒரு கட்சி. வருவது வந்தே தீரும், நோயாளியை ஏன் வதைக்க வேண்டும் என்று ஒரு கட்சி. டாக்டர்களுக்குள் இந்த விவாதம் அரை நூற்றாண்டு நடந்தது.

பாஸ்டன் நகரத்து டாக்டர் எலியட் ஜாஸ்லின் முதல் கட்சி. நோயாளிக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும் வைத்தியத்தில் சேர்த்தி என்று அவர் நினைத்தார். டாக்டர் மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்பார். மற்ற நாளெல்லாம் நோயாளிதானே தனக்கு டாக்டர்? 1918-லேயே, இன்சுலினுக்கு முன்பே, நோயாளிகள் படிப்பதற்கென்று ஒரு கைப்புத்தகம் போட்டார். உணவு, இன்சுலின், தேகப்பயிற்சி என்று மூன்று குதிரைகள் பூட்டிய ரதம் இந்த வைத்தியம் என்பார். ரதத்தில் டாக்டர் உட்காரவில்லை என்பதைக் கவனியுங்கள். கடிவாளம் நோயாளியின் கையில்.

ஆனால் கடிவாளம் பிடிப்பவனுக்குப் பாதை தெரிய வேண்டுமே! சிறுநீரில் தெரிவது சில மணி நேரத்துக்கு முந்திய கதை. இப்போது ரத்தத்தில் எவ்வளவு என்று ஆஸ்பத்திரியில்தான் பார்க்க முடியும். 1969-ல் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க இஞ்சினீயர், பன்னிரண்டு வயதிலிருந்து இந்த வியாதிக்காரர், உடம்பு பல விதத்திலும் கெட்டுக்கொண்டிருந்த சமயத்தில், ரத்தச் சர்க்கரையை அளக்கும் ஒரு யந்திரத்தைப் பற்றிய விளம்பரத்தைப் பார்த்தார். மூன்று பவுண்டு எடை. 650 டாலர் விலை. டாக்டர்களுக்குத்தான் விற்பார்கள். நல்ல வேளை, மனைவி டாக்டர்! அவள் பெயரில் வாங்கி, நாளுக்குப் பல தடவை தன் ரத்தத்தைத் தானே அளந்து, உணவையும் ஊசியையும் சரி செய்துகொண்டார். உடம்பு தேறிற்று. வியாதிக்காரன் சொல்வதை வைத்தியப் பத்திரிகைகள் பிரசுரிக்கவில்லை. சரி என்று நாற்பத்தைந்து வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டரானார்! 2025-ல், தொண்ணூறு வயதில் காலமானார். இன்று வீட்டுக்கு வீடு மேஜைமேல் கிடக்கிற சிறு கருவி அந்த மூன்று பவுண்டு யந்திரத்தின் வாரிசு.

விவாதம் 1993-ல் தீர்ந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினரின் சர்க்கரையை மிக நெருக்கமாகக் கட்டுப்படுத்திப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கண் நோய் புதிதாக வருவது 76 சதவீதம் குறைந்தது. சிறுநீரகமும் நரம்பும்கூட நன்றாகத் தப்பின. சர்க்கரை திடீரென்று விழும் ஆபத்து மட்டும் அவர்களுக்கு அதிகம்; அதையும் மறைக்காமல் சொன்னார்கள். அதே 1993-ல்தான், டெட் ரைடர் என்பவர் எழுபத்தாறு வயதில் இறந்தார். 1922-ல் எலிஸபெத்தைப் போலவே டொராண்டோவுக்கு வந்த குழந்தை அவர். அப்போது வயது ஐந்து, எடை பன்னிரண்டு கிலோ.

"இதெல்லாம் சின்ன வயதில் வருகிற வியாதி அல்லவா? நமக்கு வந்தது வேறே இல்லையா?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். நல்ல கேள்வி.

வேறேதான். எலிஸபெத்தின் கணையத்தில் இன்சுலின் அநேகமாக அற்றுப் போயிற்று. நம்மில் பெரும்பாலோருக்கு வருகிற இரண்டாம் வகையில் இன்சுலின் ஊறுகிறது. ஆனால் உடம்பு அதன் பேச்சைக் கேட்பதில்லை. 1936-ல் லண்டன் டாக்டர் ஹிம்ஸ்வர்த் இந்த வித்தியாசத்தைச் சோதனை செய்து காட்டினார். பேச்சைக் கேட்காத பிள்ளைகளிடம் கத்திக் கத்தி வாத்தியாருக்குத் தொண்டை கட்டிப் போவதுபோல, அதிகமாக உழைத்து உழைத்துக் கணையமும் வருஷக் கணக்கில் களைத்துப் போகிறது. அப்போது வெளியிலிருந்து இன்சுலின் கொடுக்க வேண்டியிருக்கிறது. அது நோயாளியின் குற்றமும் அல்ல, தண்டனையும் அல்ல. இந்த வகையிலும் கட்டுப்பாடு பலன் தருகிறது என்பதை 1998-ல் பிரிட்டனில், ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களை இருபது வருஷம் தொடர்ந்து பார்த்துச் சொன்னார்கள். சென்னையிலே, ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் விசுவநாதன் 1948-ல் நீரிழிவுக்கென்றே ஒரு பிரிவு ஆரம்பித்தார்.  இன்று இந்தியாவில் இந்த வியாதியோடு வாழ்கிறவர்கள் பத்துக் கோடிக்கு மேல் என்று 2023-ல் வந்த ஆராய்ச்சி சொல்லுகிறது.

"உங்கள் பெரியப்பாவுக்கு ஊசி எப்போது ஆரம்பித்தார்கள், சார்?" என்று அப்போதுதான் கேட்டேன்.

அவர் யோசித்தார். "காலில் புண் வந்து, ஆறவே இல்லை. ரொம்ப நாள் கஷாயம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ஜுரம். அப்புறம்தான்..." என்று நிறுத்தினார். பிறகு ஒன்றும் சொல்லாமல் கைத்தடியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

ஒரு வாரம் அவர் வரவில்லை. எட்டாம் நாள் வந்தார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைப்போல நேர் நேராகக் கோடு போட்டிருந்தது. தேதி, காலைச் சர்க்கரை, ஊசி எத்தனை யூனிட், மாலைச் சர்க்கரை, நடை எத்தனை நிமிஷம். அந்த அழகான பழைய எழுத்தில் நான்கு நாள் நிரம்பியிருந்தது. ஊசி மயிரிழைதான், எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை, இதற்குத்தானா இத்தனை நாள் பயந்தோம் என்றார்.

நான் பக்கத்தை நன்றாகப் பார்த்தேன். மூன்றாம் நாள் மாலைக் கட்டத்தில் எண் எதுவும் இல்லை. பதிலுக்குப் பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. கண்ணாடியைச் சரி செய்துகொண்டு படித்தேன்: 'பேத்தி நிச்சயதார்த்தம். பாதாம் அல்வா. பார்க்கத் தைரியமில்லை.'

"இதை டாக்டரிடம் காட்டப் போகிறீர்களா, சார்?" என்று கேட்டேன்.

"காட்டாமல்? கணக்கில் பொய் எழுதலாமா?" என்றார் ஹெட்மாஸ்டர்.